சகதீச சந்திர போசு

பாலாற்றங்கரை ஊர்களாகிய வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை தோல் பதனிடுதலுக்குப் பெயர் பெற்றவை. முன்னாளில் அத்தொழிலுக்கு ஆவாரம்பட்டை பெரிதும் பயன்பட்டது. தண்டைச் சுற்றிலும் பட்டையை முற்றாக உரித்துவிட்டால் செடி ஏன் பட்டுப்போகிறது? இலையில் ஆக்கப்பெற்ற உணவு பட்டையின் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. அவ்வழி அறுபட்டால் வேர் உணவின்றி மாள்கிறது. வாய் பேசாத செடியின் உள்ளே நிகழும் இத்தகைய செயல்களை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பேரறிஞர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே சகதீச சந்திர போசு.

அவர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க அலுவலர். எனினும், மைந்தரை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாது, முதற்கண் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். ஆங்கு உழவர், மீனவர் மக்களோடு கூடிப் பயின்றமையால், சிறுவர்க்கு இயற்கையின்பால் பற்று வளர்ந்தது.

கல்கத்தாவிலும் கேம்பிரிட்சிலும் கற்றுத் தேர்ந்த போசு, 1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பிய ஆசிரியரினும் குறைந்த ஊதியமே இந்தியர்க்கு அளிப்பது அந்நாளைய வழக்கம். அதனை ஏற்க அவர் மறுத்தார். ஆயினும், பணியைக் கைவிட்டாரல்லர். மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலே செவ்வனே கற்பித்தார். சென்னையில் மருத்துவம் பயின்றவரான துணைவியார் அபலா அம்மையார் வறுமையிலும் உடன்நின்றார். முடிவில் அரசாங்கம் இணங்கி, முழு ஊதியத்தையும் நிலுவையோடு வழங்கியது. அப்பொருள் தந்தையாரின் கடனைத் தீர்க்க உதவிற்று.

முதலில் மின்னலைகளை ஆராய்ந்த போசு, பின்னர்ச் செடிகளின்பால் உள்ளஞ்செலுத்தினார். கண்ணுக்குப் புலனாகாத வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அமைத்தார். 1917இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார்.

வேர் மண்ணிலிருந்து நீரையும் தாது உப்புக்களையும் ஈர்க்கிறது. இலை காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொள்கிறது. இலையிலுள்ள பச்சையம், கதிரொளியின் துணையால், நீரையும் அவ்வாயுவையும் கொண்டு சர்க்கரையை ஆக்குகிறது. அப்போது பிராணவாயு வெளிப்படுகிறது. ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியில் அவ்வாயு குமிழிகளாய் எழும். அதனைத் தானே பதிவு செய்யும் கருவியைப் போசு இயற்றினார். ஒளி மிகுந்தால் உணவாக்கம் மிகுதலையும், ஒளி குறைந்தால் அது குறைதலையும் அக்கருவி காட்டிற்று. இவ்வாராய்ச்சியை 1924இல் நூலாக வெளியிட்டார்.

வேர்நீர் மேலேறுதல் பற்றி அவர் கொண்ட கொள்கையைப் பிற்கால அறிஞர் ஏற்றிலர். இலைகளினின்று நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசையே அதற்குத் தலையாய காரணம் என்பது இன்றைய முடிபு. எனினும், ஊகத்தோடு அமையாது, செடியின் செயலைக் கருவி கொண்டு அளந்தறிய வேண்டும் என்று அவர் காட்டிய நெறி பழுதுபடவில்லை. 1937ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

பாலாற்றுப் படுகையில் தோற்கழிவின் உப்புப் படிந்த வயல்கள் உண்டு. உப்பு மிகுந்த மண்ணில் நீர் இருந்தும் வேர் அதனை எளிதில் ஈர்க்க இயலாது, பயிர் வாடும். அது தன் துயரை வாய்விட்டு உரையாது. உரையாததை ஆராய்ந்து உணர்தலே அறிவுடைமை; உணர்ந்தபின் அதனைக் காத்தல் நம் கடமையன்றோ?