ரெயில் விபத்துக்காக பதவியைத் துறந்த மந்திரி

1956-ம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ந் தேதி. பொழுது இன்னும் விடியவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் பகுதியில் மழை கொட்டித் தீர்த்து இருந்தது.

முந்தைய நாள் இரவு சென்னை எழும்பூரில் இருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ரெயில் அரியலூரைத் தாண்டிப் போய்க்கொண்டு இருந்தது. பயணிகள் அயர்ந்து தூங்கினார்கள். சிறிது தூரத்தில் மருதையாற்றுப் பாலம் வந்தது. ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. அந்த வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டது என்பது என்ஜின் டிரைவருக்குத் தெரியாது.

என்ஜின் ஆற்றுக்குள் பாய்ந்தது. அதன் பின்னால் பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே திடுக்கிட்டது.

அப்போது டெல்லியில் ரெயில்வே மந்திரியாக இருந்தவர் அந்த என்ஜினை ஓட்டியவர் அல்ல. பாலத்தைக் கட்டியவரும் அல்ல. மழையைத் தடுத்து நிறுத்தும் சக்தியும் அவருக்கு இல்லை. ஆனாலும் இந்த விபத்துக்கு நானே பொறுப்பு என்று கூறி, பதவியை ராஜினாமா செய்தார்.

அவர்தான் லால்பகதூர் சாஸ்திரி. பிற்காலத்தில் இந்தியாவின் பிரதமராக உயர்ந்தவர்.

ரெயில் ஊரில் பிறந்தவர்

உத்தரப்பிரதேசத்தில் காசிக்கு அருகே மொகல்சராய் என்று ஓர் ஊர். வடநாட்டில் ரெயில் ஏறியவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 2018-ம் ஆண்டில் அந்த ரெயில் நிலையத்துக்குத் தீனதயாள் உபாத்தியாயா பெயர் சூட்டப்பட்டது.

பல திசைகளில் இருந்து வரும் கூட்ஸ் வேகன்களைக் கழற்றி, போகவேண்டிய ஊர் வாரியாகப் பிரித்து, மறுபடியும் கோத்து அனுப்பும் இடத்துக்கு 'யார்டு' என்று பெயர். ஆசியாவின் மிகப்பெரிய யார்டுகளில் ஒன்று மொகல்சராயில்தான் வளர்ந்தது.

அந்த ஊரில் 1904-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சாஸ்திரி பிறந்தார். காந்தியடிகள் பிறந்த தேதியும் அதுவே.

தந்தை சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு அலகாபாத்தில் வருவாய்த்துறை குமாஸ்தா ஆனார். குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும்போதே அவர் இறந்துபோனார். தாய் ராம்துலாரி தேவி குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். தாய்வழிப் பாட்டனார் ரெயில்வே பள்ளிக்கூடத்து ஆசிரியர். சில ஆண்டுகளில் அவரும் கண்ணை மூடினார். உறவினர்களின் ஆதரவில்தான் பையன் படித்தான்.

வறுமை வாட்டியது. காலில் செருப்பு இல்லாமல், கொதிக்கும் வெயிலில் பல மைல் நடந்து பள்ளிக்கூடம் போனான் அந்தச் சிறுவன்.

சிறையில் ஒன்பது ஆண்டு

1921-ம் ஆண்டில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைப்பு விடுத்தார். பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. லால்பகதூர் படிப்பை விட்டுவிட்டுப் போராட்டத்தில் குதித்தார்.

பிறகு காசி வித்யாபீடத்தில் சேர்ந்து 1925-ல் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தின் பெயர்தான் 'சாஸ்திரி'. சாதியைக் காட்டும் பெயரை அவர் முன்பே விட்டுவிட்டார். படித்து வாங்கிய பட்டமே பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1928-ல் லலிதா தேவியை மணந்தார். சீராக அவர் ஏற்றுக்கொண்டது ஒரு ராட்டையும், சில கெஜம் கதர்த் துணியும்தான்.

விடுதலைப் போரில் ஏழு முறை சிறை சென்றார். மொத்தம் சுமார் 9 ஆண்டுகள் சிறைவாசம். ஒருமுறை மகள் நோயுற்றபோது 15 நாள் பரோலில் வெளியே வந்தார். மகள் பிழைக்கவில்லை. ஈமக்கடன் முடிந்ததும், கெடு முடிவதற்கு முன்பே அவர் சிறைக்குத் திரும்பினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. மகளுக்காகக் கொடுத்த பரோல். மகள் இல்லாதபோது வெளியே இருப்பது முறை அல்ல என்று அவர் கருதினார்.

கொடுத்த வாக்கும் ஏற்ற பொறுப்பும் அவருக்கு ஒன்றுதான். இதை மனதில் வைத்துப் பார்த்தால், 1956-ல் அவர் செய்த காரியம் வியப்பாகத் தோன்றாது.

ரெயில்வே மந்திரி

சுதந்திரம் கிடைத்ததும் உத்தரப்பிரதேசத்தில் போலீஸ், போக்குவரத்துத் துறைகளின் மந்திரி ஆனார். பஸ்களில் பெண் கண்டக்டர்களை நியமித்தார். கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதிலாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொன்னார்.

1952-ல் நேரு அவரை ரெயில்வே மந்திரி ஆக்கினார். மூன்றாம் வகுப்புப் பயணிகளின் துன்பம் அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெட்டிகளில் மின்விசிறி மாட்ட ஏற்பாடு செய்தார்.

அவர் காலத்தில்தான் சென்னை பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலை உருவாயிற்று. 1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி நேரு அதைத் தொடங்கிவைத்தார். சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியோடு அங்கே முழுவதும் எஃகினால் ஆன பெட்டிகள் தயாராயின.

இதில் ஒரு முக்கிய விஷயம் உண்டு. பழைய பெட்டிகளில் மரவேலை அதிகம். விபத்து நடந்தால் ஒரு பெட்டி மற்றொரு பெட்டிக்குள் புகுந்து நொறுங்கும். உள்ளே இருப்பவர்கள் நசுங்கிப் போவார்கள். எஃகுப் பெட்டி அப்படி எளிதில் நொறுங்காது. ஒரு தொழிற்சாலை எத்தனையோ உயிர்களுக்குக் காவலாக அமைந்தது.

அடுத்தடுத்து இரண்டு இடி

1956-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மெகபூப்நகர் அருகே ஒரு பாலம் இடிந்து, ரெயில் கவிழ்ந்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாஸ்திரி உடனே ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு அதை ஏற்கவில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. அரியலூர் விபத்து நடந்தது. சாஸ்திரி மீண்டும் கடிதம் கொடுத்தார். இந்த முறை அவர் பின்வாங்கவில்லை.

நேரு பாராளுமன்றத்தில் அவரை மனமாரப் பாராட்டினார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் அல்ல என்றாலும், மந்திரியின் பொறுப்பு இன்னது என்பதற்கு இது முன்மாதிரியாக இருக்கட்டும் என்று சொல்லி ராஜினாமாவை ஏற்றார். டிசம்பர் தொடக்கத்தில் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார்.

மந்திரி விலகினால் இறந்தவர்கள் திரும்பி வருவார்களா? வரமாட்டார்கள். அது சாஸ்திரிக்கும் தெரியும். ஆனால், கீழே ஒரு கேங்மேன் மீதோ, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மீதோ பழியைப் போட்டுவிட்டு, மேலே இருப்பவர்கள் தப்பித்துக்கொள்வது நியாயம் அல்ல என்பதை அவர் நாட்டுக்குக் காட்டினார்.

காவல் காப்பது யார்?

மழைக்காலத்தில் தண்டவாளத்தைக் காப்பவர் கேங்மேன்தான். கையில் விளக்கோடு இரவில் நடந்து, பாலத்தையும் கரையையும் பார்த்து வருவார். பாலத்தில் அபாய அளவு குறிக்கப்பட்டு இருக்கும். வெள்ளம் அந்தக் குறியைத் தொட்டால் ரெயிலை நிறுத்தவேண்டும். தண்டவாளத்தின் மேல் வெடி வைப்பதும் உண்டு. சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். டிரைவர் உடனே வண்டியை நிறுத்திவிடுவார்.

கூட்ஸ் ரெயிலுக்கும் இப்படிப்பட்ட கட்டுக்காவல் உண்டு. வண்டி நிலையத்தைக் கடக்கும்போது அதன் கடைசிப் பெட்டியின் அடையாளத்தை ரெயில்வே ஊழியர் கவனிப்பார். அது தெரியவில்லை என்றால், வழியில் சில வேகன்கள் கழன்று நிற்கின்றன என்று பொருள். பின்னால் வரும் ரெயில் அவற்றில் மோதிவிடும்.

நின்றுகொண்டு இருக்கும் கூட்ஸ் ரெயிலும் ஆபத்தாக முடியலாம். 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒடிசாவில் பாலசோர் அருகே, கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பக்கத்துத் தண்டவாளத்தில் புகுந்து, அங்கே நின்ற கூட்ஸ் ரெயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைக்கு அருகே கவரப்பேட்டையிலும் அதேபோல் ஒரு எக்ஸ்பிரஸ் நின்ற கூட்ஸ் ரெயிலில் மோதியது. நல்லவேளையாக அங்கே உயிர்ச்சேதம் இல்லை.

பெரிய விபத்துகளை விசாரிப்பவர் ரெயில்வே பாதுகாப்பு கமிஷனர். அவர் ரெயில்வே மந்திரியின் கீழ் வேலை செய்பவர் அல்ல. விமானப் போக்குவரத்துத் துறையின் கீழ் இருப்பவர். தவறு செய்தவரே தன் தவறை விசாரிக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

தஞ்சை நெல்லும் சாஸ்திரியும்

நேரு மறைந்த பின் 1964-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி சாஸ்திரி பிரதமர் ஆனார். அப்போது நாட்டில் அரிசிப் பஞ்சம், கோதுமைப் பஞ்சம். வெளிநாட்டில் இருந்து வரும் கப்பலை எதிர்பார்க்கும் நிலை. தமிழகத்தைச் சேர்ந்த சி.சுப்பிரமணியத்தை அவர் உணவு மந்திரி ஆக்கினார். திங்கட்கிழமை இரவு ஒரு வேளை சோற்றை விட்டுக்கொடுங்கள் என்று மக்களைக் கேட்டார். தன் வீட்டில் முதலில் செய்து பார்த்த பிறகே கேட்டார்.

உணவுத் தானியத்தை வாங்கி, சேமித்து, நாடு முழுவதும் அனுப்ப ஒரு நிறுவனம் வேண்டும் என்று முடிவாயிற்று. 1965-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, தை பிறக்கும் வேளையில், இந்திய உணவுக் கழகம் தோன்றியது. தலைமை அலுவலகம் சென்னையில் அமைந்தது. முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? நெற்களஞ்சியமான தஞ்சாவூரில்!

அதே மாதத்தில் இந்தி பிரச்சினையால் தமிழ்நாடு கொந்தளித்தது. சாஸ்திரி அரசின் மீது மக்களுக்குக் கடும் கோபம். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சி.சுப்பிரமணியமும், ஓ.வி.அழகேசனும் மந்திரி பதவியை ராஜினாமா செய்தனர். அதன் பிறகு சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதி கூறினார்.

மாறிப்போன ரெயில் நிலையங்கள்

தஞ்சாவூருக்கு ரெயில் வந்தது 1861-ம் ஆண்டில். நாகப்பட்டினம் துறைமுகத்தில் இருந்து அந்தப் பாதை போடப்பட்டது. அடுத்த ஆண்டு அது திருச்சியை எட்டியது. நெல்லும் அரிசியும் மாட்டு வண்டியில் நிலையத்துக்கு வந்து, வேகனில் ஏறின. ஒரு வேகன், இரண்டு வேகன் என்று சரக்கு ஏற்றிய காலம் அது. சின்ன நிலையத்தில்கூட கூட்ஸ் ஷெட் இருந்தது. நிலையம்தான் ஊரின் வாணிப வாசல்.

பிற்காலத்தில் லாரி வந்தது. சில்லறைச் சரக்கு சாலைக்குப் போயிற்று. ரெயில்வே முழு வண்டியாகச் சரக்கு ஏற்றும் முறைக்கு மாறியது. சின்ன நிலையங்களின் கூட்ஸ் ஷெட்டுகள் வெறிச்சோடின. பெரிய நிலையங்களில் வேலை குவிந்தது. தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர் போன்ற இடங்களில் இன்று ஒரே வண்டியில் சுமார் 2 ஆயிரம் டன் நெல் ஏற்றப்பட்டு, அரவைக்காக வெளிமாவட்டங்களுக்குப் போகிறது. எதிர்த்திசையில், காரைக்கால் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி இதே டெல்டா பாதையில் மேற்கே செல்கிறது.

ஊர் வளர்ந்து நிலையத்தைச் சூழ்ந்துவிட்டது. நீடாமங்கலத்தில் கூட்ஸ் ரெயில் முன்னும் பின்னும் நகரும்போது ரெயில்வே கேட் மூடப்படும். பஸ்களும் ஆம்புலன்சும் வரிசையில் காத்து நிற்கும். அவசரத்தில் கேட்டுக்குள் குனிந்து நுழைவது உயிருக்கு ஆபத்து என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும். பல வேகன்களோடு ஓடும் கூட்ஸ் ரெயில், பிரேக் போட்டதும் நின்றுவிடாது. வெகுதூரம் ஓடித்தான் நிற்கும்.

கடன் வைத்துப்போன பிரதமர்

1965-ல் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. போர்வீரனையும் உழவனையும் ஒன்றாகப் போற்றும் கோஷத்தை சாஸ்திரி நாட்டுக்குக் கொடுத்தார். 1966-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி தாஷ்கண்ட் நகரில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் அங்கேயே காலமானார். அவருக்கு வயது 61. அதே ஆண்டில் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற சொத்துகளில் ஒன்று ஒரு பியட் கார். அதன் விலை 12 ஆயிரம் ரூபாய். கையில் பணம் போதாமல், பாங்கியில் 5 ஆயிரம் ரூபாய் கடன் வாங்கித்தான் அதை வாங்கியிருந்தார். கடன் தீரும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

மனைவி லலிதா தேவி அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கவில்லை. தனக்குக் கிடைத்த பென்ஷன் பணத்தில் இருந்து அதை அடைத்து முடித்தார்.