ஒரே ஒரு மெழுகுவத்தி

பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிந்த மறுநாள் மழை விடாமல் பெய்தது. வெளியே போக வழியில்லாமல், பழைய பிபிசி நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கத் தொடங்கினேன். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில் சருமனாக வரும் கிறிஸ்டஃபர் லீ, மங்கலான அறையில் அமர்ந்து மாணவர்களுக்குப் பேய்க்கதை சொல்கிறார். 2000ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்காக எடுத்த நிகழ்ச்சி அது. அவர் ஏற்றிருந்த பாத்திரம் கற்பனை என்றே நினைத்தேன். தேடிப் பார்த்தபோதுதான் எம்.ஆர். ஜேம்ஸ் என்று ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தவர் எனத் தெரிந்தது.

கிறிஸ்துமசுக்கும் பேய்க்கும் என்ன தொடர்பு? இங்கிலாந்தில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். குளிருக்குப் பயந்து எல்லாரும் கணப்பைச் சுற்றி உட்காரும்போது கதை தானாக வந்துவிடுகிறது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கூடப் பேய்க்கதைதான். ஷெர்லாக் ஹோம்சும் ஒரு கிறிஸ்துமஸ் வாத்துக்குள் இருந்து வந்த நீலக்கல்லின் மர்மத்தைத் துப்பறிந்திருக்கிறார்.

ஜேம்ஸ் 1862இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சஃபோக் வட்டாரத்தின் கிராமம் ஒன்றில் வளர்ந்து, ஈட்டன் பள்ளியிலும் பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தார். சிறுவயதிலிருந்தே அவருக்குப் பழைய கையெழுத்துச் சுவடிகள்மீது பைத்தியம். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் தூங்கிக்கிடந்த சுவடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அவற்றுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்தார். ஒரு வாரக் கட்டுரைக்கு நான்கு நூல் புரட்டவே அலுத்துக்கொள்ளும் எனக்கு இதை நினைத்தாலே தலை சுற்றுகிறது. ஒரு பழஞ்சுவடியில் அவர் கண்டெடுத்த குறிப்பை வைத்தே, பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தின் இடிபாடுகளில் மறைந்துபோன மடாதிபதிகளின் கல்லறைகளைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய கதைகளில் அடிவாங்குபவர்களும் இதே வேலை செய்பவர்கள்தான். பழைய புத்தகத்தை வாங்குவார்கள், புதைந்து கிடப்பதைத் தோண்டுவார்கள். அப்புறம் ஏதோ ஒன்று பின்தொடர்ந்து வரும். அந்தப் பேய்க்கு நீண்ட வருணனை இருக்காது. கைபட்ட இடத்தில் ரோமம், மூலையில் ஓர் அசைவு, அவ்வளவுதான். எனக்கு ரத்தம் தெறிக்கும் படங்களைவிட இதுதான் அதிகம் பயத்தைத் தருகிறது.

1893 அக்டோபரில் கல்லூரி நண்பர்கள் வட்டத்தில் முதன்முதலாக இரண்டு கதைகளைப் படித்தார். அது பிறகு கிறிஸ்துமஸ் வழக்கமாகவே ஆனது. நண்பர்கள் அவருடைய அறையில் காத்திருப்பார்கள். படுக்கையறையிலிருந்து கையெழுத்துத் தாள்களோடு வருவார். மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்து, ஒன்றை மட்டும் விட்டுவைப்பார். அதன் அருகில் அமர்ந்து படிப்பார். சில ஆண்டுகளில் அந்தக் கதையைக் கடைசி நேரத்தில்தான் எழுதி முடித்திருப்பார்.

அந்த வட்டத்தில் ஜேம்ஸ் மக்பிரைட் என்ற இளைஞரும் இருந்தார். வயதில் இளையவர், நன்றாகப் படம் வரைவார். இருவரும் டென்மார்க், சுவீடன் என்று ஒன்றாகச் சுற்றினார்கள். அந்த நாடுகளில் நடக்கும் கதைகளை ஜேம்ஸ் பின்னர் எழுதினார். தம் கதைகளுக்கு மக்பிரைட் படம் வரைந்தால் நூலாக்கலாம் என்று ஜேம்சுக்குத் தோன்றியது. நான்கு படங்கள் முடிந்திருந்தன. 1904 ஜூனில், அறுவை சிகிச்சைக்குப் பின் மக்பிரைட் இறந்துபோனார். திருமணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவர் மனைவி கருவுற்றிருந்தார்.

பதிப்பாளர் வேறோர் ஓவியரைக் கொண்டு மீதியை வரைந்துகொள்ளலாம் என்றபோது ஜேம்ஸ் சம்மதிக்கவில்லை. எட்டுக் கதைகள், நான்கே நான்கு படங்கள் என்று அந்த ஆண்டே நூல் வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் புத்தகத்தில் படமில்லாத பக்கங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அந்த டிசம்பரில் பிறந்த மக்பிரைட்டின் மகளுக்கு ஜேம்ஸ் காப்பாளரானார். அவளுக்காகப் பின்னர் ஒரு மாயாஜாலக் கதையும் எழுதினார். கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1905இல் கிங்ஸ் கல்லூரியின் தலைவரானார். முதல் உலகப்போர் வெடித்தபோது கேம்பிரிட்ஜின் துணைவேந்தரும் அவரே. தம் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவராகப் போரில் மடிந்த செய்தி அவருக்கு வந்துகொண்டே இருந்தது. 1918இல் ஈட்டன் பள்ளிக்கே தலைவராகத் திரும்பி, 1936இல் அங்கேயே காலமானார்.

போன வாரம் அவருடைய ‘நம்பர் 13’ கதையைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னேன். டென்மார்க்கில் ஒரு தங்கும் விடுதி. பகலில் 12க்கும் 14க்கும் நடுவே எதுவும் இல்லை. இரவில் மட்டும் ஓர் அறை முளைக்கிறது. மெழுகுவத்திக்கு அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் கைப்பேசி வெளிச்சம் மட்டும். பாதியில் என் தம்பி எழுந்துபோய் வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். கதை முடிந்தது. பாட்டி விளக்கைப் போடச் சொல்லவில்லை. அந்த ஆள் இன்னும் எத்தனை எழுதியிருக்கிறார் என்று கேட்டார்.