பின் 13-க்குப் பின்னால ஒரு வாத்தியார்

ஆர்டுயினோ ஊனோவில் பின் 13-ஐ எரிய வைக்காத ஆளே நம்ம டிபார்ட்மென்ட்ல இருக்க மாட்டாங்க. மினி ப்ராஜெக்ட்டுக்கு நான் வீம்புக்குன்னு ரெடிமேட் லைப்ரரி எதையும் தொடாம, வெறும் சி-யில எழுதினேன். கம்பைல் பண்ண ஏவிஆர் ஜிசிசி, சிப்புல ஏத்த ஏவிஆர்டியூட், ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். எல்.ஈ.டி. எரிஞ்சுது, ஆனா மோட்டார் நின்னு போச்சு! போர்ட் பி ரெஜிஸ்டர்ல 5-ஆவது பிட்டை மட்டும் சேர்க்காம, நேரா சமக்குறி போட்டுட்டேன். மத்த பிட் எல்லாம் 0 ஆயிடுச்சு. சமக்குறிக்கு முன்னாடி ஒரே ஒரு நெட்டுக்கோடு ( | ) சேர்த்ததும் வண்டி ஓடிச்சு. அந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா, ஜார்ஜ் பூல் வர்றார்.

1815 நவம்பர் 2, இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைக்கிறவர், ஆனா அவருக்கு ஆசையெல்லாம் டெலஸ்கோப் செய்றதுலதான். தொழில் நொடிந்தது. 16 வயசுல பூல் உதவி வாத்தியாரா வேலைக்குப் போய் குடும்பத்தைத் தாங்கினார். 19 வயசுல சொந்தமா ஒரு பள்ளிக்கூடம். மாணவனா எந்தக் காலேஜுக்கும் போகல. பாடம் நடத்தின நேரம் போக லக்ராஞ்ச், லாப்லாஸ் எழுதினதைத் தானாவே படிச்சார். 1844-ல் ராயல் சொசைட்டியின் தங்கப் பதக்கம், 1849-ல் அயர்லாந்தின் கார்க் நகரக் குயின்ஸ் காலேஜில் கணிதப் பேராசிரியர் பதவி. கையில டிகிரி கிடையாது. அரியரை எண்ணிட்டு இருக்கிற நமக்கு இது கொஞ்சம் வலிக்கும்.

அவரோட பெரிய புத்தகம் 1854-ல் வந்தது. அதில் ஒரு விதி: எக்ஸை எக்ஸால் பெருக்கினாலும் எக்ஸ்தான். சிவப்புப் பொருள்களில் இருந்து மறுபடி சிவப்பானதைப் பொறுக்கினா அதே குவியல்தானே வரும்? எண்களில் இது 0-க்கும் 1-க்கும் மட்டும்தான் பொருந்தும். நம்ம பைனரி அங்கேயே உட்கார்ந்திருக்கு. சி-யின் ‘ஆண்ட்’ ( & ) அப்படியே இதுதான். நெட்டுக்கோட்டை முழுசா அவர் கணக்குல எழுத முடியாது. ஒண்ணோடொண்ணு கலக்காத கூட்டங்களை மட்டும்தான் அவர் கூட்டுவார். எக்ஸோட எக்ஸைக் கூட்டினாலும் எக்ஸ்தான்னு ஜெவன்ஸ் சொன்னப்போ பூல் ஒத்துக்கவே இல்லை. என் மோட்டாரைக் காப்பாத்தினது ஜெவன்ஸ் பக்கம்தான்.

1855-ல் மேரி எவரெஸ்டைக் கல்யாணம் பண்ணினார். மலைக்குப் பேர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் அண்ணன் தம்பி வழி மகள். அஞ்சும் பொண்ணுங்க.

1864 நவம்பர். கொட்டுற மழையில வீட்டில் இருந்து காலேஜுக்கு மூணு மைல் நடந்தே போனார். கிளாஸை கேன்சல் பண்ணல. நனைஞ்ச துணியோடவே பாடம் எடுத்தார். காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கிடுச்சு. ஈரத்தால வந்தது ஈரத்தாலதான் போகும்னு மேரி அவரை நனைஞ்ச போர்வையில சுத்தி வெச்சதா ஒரு கதை உண்டு. டிசம்பர் 8-ல் இறந்தப்போ வயசு 49. கடைசிக் குழந்தைக்கு ஏழு மாசம்கூட முடியல.

எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மிச்சிகன் யுனிவர்சிட்டியில ஃபிலாசஃபி கிளாஸ்ல பூலைப் படிச்ச ஒரு பையன், 1937-ல் எம்.ஐ.டி.யில் மாஸ்டர்ஸ் தீசிஸ் எழுதறப்போ அந்த அல்ஜீப்ராவை ரிலே சுவிட்சுகளுக்குப் பொருத்திப் பார்த்தான். பேரு கிளாட் ஷானன். அப்போ அவனுக்கு நம்ம வயசு, 21.