சுருளுக்குள் தலையை நுழைத்த அதிபர்

1910ஆம் ஆண்டு. லண்டனின் பின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரி. தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிச் செய்த பெரிய சுருள் ஒன்று மேசையில் இருக்கிறது. ஒருவரின் தலை உள்ளே போகும் அளவுக்கு அதில் இடம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தலையை உள்ளே வைக்கிறார் கல்லூரி அதிபர் சில்வானஸ் தொம்சன். செக்கனுக்கு 50 தடவை மாறும் ஆடலோட்டம் சுருளில் பாய்கிறது. மூடிய இமைகளுக்குள் மங்கலான வெளிச்சம் மினுங்குகிறது. எந்த விளக்கும் எரியவில்லை, யாரும் அவரைத் தொடவுமில்லை.

இன்று இலங்கையில் நம் வீட்டுக்கு வரும் மின்சாரமும் இதே 50 ஹேர்ட்ஸ்தான். உயர் அழுத்த மின்கம்பிக்கு அருகே வீடு இருந்தால் பிள்ளையின் மூளைக்கும் படிப்புக்கும் ஏதும் ஆகுமா என்று கேட்கும் பெற்றோர் அனைவருமே, தெரிந்தோ தெரியாமலோ, தொம்சனின் சுருள் எழுப்பிய கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

தொம்சன் 1851இல் யோர்க் நகரில், குவேக்கர் சமயக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை ஆசிரியர். மகனும் முதலில் அதே வழியில்தான் போனார். பிரிஸ்ரலில் பௌதிகப் பேராசிரியராக இருந்துவிட்டு 1885இல் பின்ஸ்பரிக்கு வந்தவர், சாகும்வரை அங்கேயே இருந்தார். அது பெரிய பல்கலைக்கழகம் அல்ல. தொழிற்சாலைகளுக்குப் பொறியியலாளர்களைத் தயார்செய்யும் இடம். டைனமோ பற்றி அவர் எழுதிய நூலைப் படித்து ஒரு தலைமுறை மின்பொறியியல் கற்றது. நுண்கணிதத்தை எளிமையாகச் சொல்லித்தரும் அவருடைய சிறுநூல் முதலில் பெயர் போடாமல் வந்தது. அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. கடினமான விடயத்தை வேண்டுமென்றே கடினமாக எழுதுகிறவர்கள் மேல் அவருக்குப் பொறுமை கிடையாது.

கண்டுபிடிப்புகளில் மட்டும் அதிர்ஷ்டம் அவர் பக்கம் நிற்கவில்லை. 1896இன் தொடக்கத்தில் யுரேனியம் உப்பிலிருந்து வரும் கதிர்கள் அலுமினியத் தகட்டைத் துளைத்து ஒளிப்படத் தட்டில் பதிவதைக் கண்டார். உடனே வெளியிடும்படி மூத்த விஞ்ஞானி ஸ்ரோக்ஸ் தூண்டினார். ஆனால் அதற்குள் பாரிஸில் பெக்கரல் முந்திவிட்டார். கதிரியக்கத்தின் வரலாற்றில் தொம்சனுக்குக் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பு.

காந்தமும் மூளையும் பற்றிய கேள்வி அவர் காலத்தில் புதிதல்ல. 1883இல் கெல்வின் பிரபு, மனிதருக்குக் காந்தத்தை உணரும் புலன் ஒன்று இருக்கக்கூடுமா என்று பொதுமேடையில் ஆராய்ந்தார். வலிமையான மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே தலையை வைத்தவர்கள் எதையும் உணரவில்லை. எடிசனின் ஆய்வுகூடத்தில் 1892இல் செய்த சோதனைகளும் உடலுக்கு ஒன்றும் நேரவில்லை என்றே முடிந்தன. கெல்வினின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகங்களில் எழுதியவர் தொம்சன். (கெல்வினின் குடும்பப் பெயரும் தமிழில் தொம்சன்தான். இருவரும் உறவினர் அல்ல.) பரடேயின் வரலாற்றையும் அவர் எழுதியிருக்கிறார். அசையாத காந்தம் மின்னைத் தூண்டாது, மாறும் காந்தப்புலமே தூண்டும் என்பது பரடேயின் விதி. ஆகவே நிலையான காந்தத்தை விட்டு, ஆடலோட்டத்தில் இயங்கும் சுருளைத் தொம்சன் எடுத்தார். மாறும் புலம் தலைக்குள் மெல்லிய மின்னோட்டங்களைத் தூண்டும். நரம்பின் மொழியே மின்தானே.

இந்த முறையும் அவர் இரண்டாமவர்தான். பிரான்சின் டார்சோன்வால் 1896இலேயே இதே மாதிரியான சுருளில் ஒளியும் தலைச்சுற்றும் ஏற்படுவதைப் பதிவுசெய்திருந்தார். ஆனாலும் தொம்சனின் அறிக்கை றோயல் சங்கத்தின் ஏட்டில் வந்த பிறகே பலர் தத்தமது ஆய்வுகூடங்களில் சுருள் செய்து பார்த்தார்கள். சுருளின் இரைச்சலைக் கேட்டவர்கள் வெளிச்சத்தைக் கற்பனை செய்திருக்கலாம் அல்லவா? அமெரிக்க உளவியலாளர் நைட் டன்லப் 1911இல் அதையும் சோதித்தார். வெளிச்சம் உண்மையானதுதான்.

1916 யூன் 12ஆம் திகதி, 65 வயதாக ஒரு வாரம் இருக்கையில் தொம்சன் இறந்தார். அந்த மினுக்கம் எங்கே பிறக்கிறது என்பது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவானது. கண்விழியை அழுத்தி விழித்திரையைச் சற்றுநேரம் செயலிழக்கச் செய்தால் மினுக்கமும் மறைந்துவிடும் என்று 1947இல் காட்டினார்கள். அதாவது, அது பிறக்கும் இடம் விழித்திரை. விழித்திரையும் மூளையோடு சேர்ந்த நரம்புத் திசுதான் என்பதால் விடயம் அத்தோடு முடியவில்லை.

ஞாபகம், கவனம், கற்றல் ஆகியவற்றில் மின்கம்பிப் புலங்களின் பாதிப்பைத் தேடிய ஆய்வுகள் ஏராளம். அவற்றை 2007இல் தொகுத்துப் பார்த்த உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு ஒரே திசையில் போகும் விடை கிடைக்கவில்லை. சில ஆய்வுகளில் சிறு மாற்றம், மற்றவற்றில் எதுவுமில்லை. சிறுவர் இரத்தப் புற்றுநோய் பற்றிய சந்தேகம் வேறு கதை. அதற்காக 2002இல் இந்தப் புலங்கள் 'புற்றுநோய் தரக்கூடிய சாத்தியமுள்ளவை' என வகைப்படுத்தப்பட்டன. அந்தப் பட்டியலில் அவை இன்றும் இருக்கின்றன.

அயனாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 2010இல், தொம்சனின் சோதனைக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, புதிய வரம்புகளை வகுத்தது. தலையில் ஏற்படும் தாக்கத்துக்கு அது அடிப்படையாக எடுத்தது அதே மினுக்கத்தைத்தான். 20 ஹேர்ட்ஸில் அது தோன்றத் தொடங்குவது ஏறத்தாழ 5,000 மைக்ரோ டெஸ்லாவில். 50 ஹேர்ட்ஸில் பொதுமக்களுக்கான வரம்பு 200. உயர் அழுத்தக் கம்பியின் நேர்கீழே நின்றால் சுமார் 20 வரை போகலாம். சாதாரண வீட்டின் உள்ளே பெரும்பாலும் ஒன்றுக்கும் மிகக் குறைவு.