தண்ணீருக்குக் கணக்கு எழுதிய டஃப் ஏப்ரம்ஸ்

கட்டுமானத் தளத்துக்குக் கலவை லாரி வந்து நின்றதும் ஓர் இரும்புக் கூம்பை எடுத்து வைப்பார்கள். ஈரக் காங்கிரீட்டை அதில் மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்துவார்கள். பிறகு கூம்பை நேராக மேலே தூக்குவார்கள். 30 சென்டிமீட்டர் உயரக் கலவை எவ்வளவு அமிழ்கிறது என்று அளப்பதுதான் 'ஸ்லம்ப் டெஸ்ட்'. இச்சோதனையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் டஃப் ஏப்ரம்ஸ்.

1880ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த ஏப்ரம்ஸ், அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். காங்கிரீட் இரும்புக் கம்பியை எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதே அவருடைய முதல் பெரிய ஆய்வு. 1914இல் சிக்காகோவின் லூயிஸ் கல்விக்கழகத்தில் ஆய்வுக்கூடப் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்தில் ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்று அளப்பார்கள். தண்ணீர் மட்டும் கண்மதிப்புதான். கலவை தளர்ந்தால் கொட்டுவது சுலபம், கைக்கும் வலி குறைவு. யார்தான் தண்ணீரைக் குறைப்பார்கள்?

சுமார் 50,000 சோதனைகளுக்குப் பிறகு 1918இல் ஏப்ரம்ஸ் முடிவை வெளியிட்டார். கலவை நன்கு நிரம்பிப் படியும் பக்குவத்தில் இருக்கும்வரை, சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதே வலிமையைத் தீர்மானிக்கிறது. தண்ணீர் கூடினால் வலிமை குறையும். சிமெண்டு இறுகியது போக மிஞ்சும் தண்ணீர் காய்ந்து போனபின், அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகிவிடும். இதில் ஆபத்து என்னவென்றால், பலவீனமான தூணும் பார்வைக்கு நல்ல தூணைப் போலவே இருக்கும். கட்டியை நசுக்கிப் பார்க்கும் 28ஆம் நாளுக்குள் அடுத்த மாடியே எழும்பிவிடும்.

ஆகவே கொட்டுவதற்கு முன்பே கலவையைச் சோதிக்க ஒரு வழி தேவைப்பட்டது. அமிழ்வை அளக்கும் யோசனை ஏப்ரம்ஸுக்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் இருந்தது. அவரே முதலில் உருளை வடிவ அச்சைத்தான் பயன்படுத்தினார். 1922இல் அமெரிக்கத் தர அமைப்பு இச்சோதனைக்கு விதிமுறை வகுத்தது.

கூம்பு வலிமையை நேரடியாகச் சொல்லாது. இன்று ரசாயனக் கலப்பால், குறைந்த தண்ணீரிலும் கலவையைத் தளர்த்த முடியும். ஆனால் ஒரே கலவையில் ஒரு லாரி மட்டும் கூடுதலாக அமிழ்ந்தால், வழியில் யாரோ குழாயைத் திறந்தார்களா என்று கேட்கலாம்.

ஏப்ரம்ஸ் 1965இல் காலமானார். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அந்தக் கூம்புக்கு இன்றும் அவர் பெயர்தான்.