எட்டு மணி நேரமும் ஏழையின் நலமும்
மக்கள் தலைவர் வ. சுப்பையா

புதுவை இரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவோர் முதலில் கால் பதிக்கும் சாலைக்குச் சுப்பையா சாலை என்று பெயர். நாள்தோறும் அவ்வழியே செல்லும் மாணவர் பலர்க்கு அப்பெயர் ஒரு முகவரி மட்டுமே. அப்பெயர்க்கு உரியவர் இந்நகரின் ஏழைகளுக்கு ஈட்டித் தந்தது யாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வறுமை ஒழிப்பும் மக்கள் உடல்நலக் காப்பும் இருவேறு பணிகளாகத் தோன்றும். முன்னதற்கு நிதியும் பின்னதற்கு மருத்துவமனையும் போதும் எனக் கருதுவோர் உளர். ஆயின், தொழிலாளியின் வேலை நேரத்தை வரையறுக்கும் ஒரு சட்டம் இவ்விரு பணிகளையும் ஒருங்கே ஆற்ற வல்லது. அதற்குச் சுப்பையாவின் வாழ்க்கையே சான்று.

இளமையும் தொண்டும்

சுப்பையா 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் புதுவையில் பிறந்தார். கலவைக் கல்லூரியில் பயின்றார். இளமையிலேயே தீண்டாமை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் புதுவைக்கு வருகை தந்ததில் அவர்தம் முயற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வாண்டே 'சுதந்திரம்' என்னும் இதழைத் தொடங்கினார். சேரிகளில் ஆற்றிய தொண்டு அவரை ஆலைத் தொழிலாளரின் வாயிலுக்கு இட்டுச் சென்றது.

ஆலையின் இருள்

சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய பஞ்சாலைகள் அந்நாளில் புதுவையின் பெருந்தொழிலாக விளங்கின. பொழுது புலருமுன் ஆலைக்குள் நுழைந்தோர் இருட்டிய பின்னரே வெளிவந்தனர். பெண்களும் சிறுவர்களும் அவ்வாறே உழைத்தனர். பறக்கும் பஞ்சுத் தூசியை நெடுநேரம் சுவாசிப்போரின் நுரையீரல் நாளடைவில் நலிவுறும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. உழைப்பவன் நோயில் விழுந்தால் கூலி நின்றுபோகும். கூலி நின்றால் கடன் புகும். கடன் புகுந்த வீட்டில் பிள்ளையின் படிப்பு முறியும். அப்பிள்ளையும் அதே ஆலை வாயிலில் வந்து நிற்பான். நோயும் வறுமையும் ஒன்றையொன்று ஈன்றெடுக்கும் சுழல் இது.

1936ஆம் ஆண்டின் நடுவில் பிரான்சில் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. அந்நாட்டுத் தொழிலாளர்க்கு வாரம் 40 மணி நேர வேலையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் கிடைத்தன. அதே கொடியின் கீழ் வாழ்ந்த புதுவைத் தொழிலாளர்க்கு அவை எட்டாக்கனியாகவே இருந்தன. உரிமை கேட்டு அவர்கள் போராடினர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பன்னிரு தொழிலாளர் உயிரிழந்தனர்.

துயரம் சட்டமான கதை

பழிவாங்கும் வெறி மூளத்தக்க அவ்வேளையில், அத்துயரத்தைச் சட்டமாக மாற்றும் வழியைச் சுப்பையா நாடினார். ஜவஹர்லால் நேருவின் அறிவுரையை ஏற்றுப் பிரான்சு சென்று, ஆட்சியாளர்முன் தொழிலாளரின் நிலையை எடுத்துரைத்தார். அதன் பயனாக 1937 ஏப்ரல் 6ஆம் நாள் பிறந்த ஆணை எட்டு மணி நேர வேலையையும், சங்கம் அமைக்கும் உரிமையையும் வழங்கியது. ஆசியாவிலேயே இவ்வுரிமையை முதலில் பெற்றோர் எனப் புதுவைத் தொழிலாளரைப் போற்றுவது இவ்வூர் மரபு. எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்குப் பத்து மணியும் வாரத்துக்கு 54 மணியும் வேலை வாங்க இடமளித்திருந்தது. அங்கு வாரம் 48 மணி என்னும் வரம்பு 1946இல்தான் வந்தது.

இவ்வாணையின் நுட்பம் நோக்கத்தக்கது. நேரம் குறைந்தால் உடல் தூசியை ஏற்கும் அளவு குறையும், உறக்கம் கூடும், தாய் தன் குழந்தையைப் பேண முடியும். எனினும், சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தால் பயனில்லை. மீறுவோரைத் தட்டிக் கேட்கும் வலிமையைச் சங்க உரிமை தந்தது. நன்மையை வழங்குவதோடு, அதனைக் காத்துக்கொள்ளும் ஆற்றலையும் மக்கள் கையில் கொடுப்பதே நல்ல கொள்கையின் இலக்கணம்.

பிற்காலம்

சிறையும் நாடு கடத்தலும் சுப்பையாவின் வாழ்வில் மாறி மாறி வந்தன. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போரில் முன்னின்றார். 1954 நவம்பர் 1இல் புதுவை இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. 1969இல் அமைந்த எம்.ஓ.எச். ஃபாரூக் அவர்களின் அமைச்சரவையில் வேளாண் அமைச்சராகப் பணியாற்றினார். குத்தகை உழவரைக் காக்கும் 1970ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாட்சிக் காலத்தில் வந்ததாகும். 1993 அக்டோபர் 12ஆம் நாள் அவர் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

அப்பஞ்சாலைகள் இன்று இயங்கவில்லை. ஆயினும் எட்டு மணி நேரம் என்னும் வினா மறைந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்த சட்டத் திருத்தம் ஒன்று தமிழ்நாட்டில் நிறைவேறி, எதிர்ப்பெழவே திரும்பப் பெறப்பட்டது. கடைப் பணியாளர் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்பதற்கே அங்கு 2021இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கவும், தாங்கவியலாச் சுமையைப் பணியாளர்மீது ஏற்றாதிருக்கவும் நமக்குக் கற்பித்தவர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். நம் சமுதாயப் பெரியோருள் வணிகர் பலர். காலை திறந்து இரவு வரை நடக்கும் நம் கடைகளில் நிற்கும் இளைஞர் எத்தனை மணி நேரம் நிற்கின்றனர் என்பதை நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஸகாத்தும் ஸதக்காவும் வறியவரின் இன்றைய பசியைத் தணிக்கும். அளவான வேலையும் நியாயமான கூலியும் அவர் நாளை கை ஏந்தாதிருக்கச் செய்யும்.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை சுப்பையா சாலையைக் கடக்கும்போது அந்தப் பன்னிருவரையும் நினைவுகூருங்கள். நாளை நீங்கள் அதிகாரிகளாகவும் முதலாளிகளாகவும் அமரும் நாற்காலியில் அந்நினைவும் உடன் அமரட்டும்.