அரசு கண்காட்சியில் ஓர் அம்மையார்

கன்னியர் மடப் பள்ளியின் விடுதியில் ஆறு வயதில் சேர்ந்த சிறுமி ஒருத்தி, குறிப்பேட்டின் ஓரங்களிலும் சுவர்களிலும் முகங்களை வரைந்து அடிக்கடி தண்டனை பெற்றாள். அவளே பின்னாளில் பிரெஞ்சு அரசியின் ஓவியரானாள். எலிசபெத் விஜே லெப்ரன் என்னும் அந்த அம்மையாரின் வரலாற்றை நாம் இங்கே காண்போம்.

அவர் 1755ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். உருவப்பட ஓவியரான தந்தையே அவருக்கு முதல் ஆசான். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்த அவர், சில ஆண்டுகளிலேயே படம் தீட்டி, அந்த வருவாயால் குடும்பத்தைத் தாங்கினார்.

அந்நாளில் கலைஞர்கள் புகழ் பெற முதன்மையான வாயிலாக விளங்கியது 'சலோன்' என்னும் அரசு கண்காட்சி. லூவர் மாளிகையின் சதுர மண்டபத்தில், புனித லூயியின் திருநாளான ஆகஸ்டு 25ஆம் நாள் அது திறக்கப்படும். சுவரெங்கும் மேற்கூரை வரை படங்கள் தொங்கும். நுழைவுக் கட்டணம் இல்லாததால் பிரபுக்களும் ஏழைகளும் அருகருகே நின்று பார்ப்பார்கள். ஆயினும் அரச ஓவியக் கழகத்தைச் சேர்ந்தவர்களே அங்குப் படம் வைக்கலாம். அக்கழகத்தில் பெண்களுக்கு நான்கு இடங்களே உண்டு.

அம்மையாரின் கணவர் ஓவிய வணிகர். அதைக் காரணம் காட்டிக் கழகம் அவரைச் சேர்க்கத் தயங்கியது. அரசி மரி அந்துவானெத் பரிந்துரைக்க, மன்னரின் ஆணையால் 1783ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் அவர் உறுப்பினரானார். அதே நாளில் அதெலாயித் லபீல் கியார் என்னும் மற்றொரு பெண் ஓவியரும் சேர்க்கப்பட்டார்.

அவ்வாண்டுச் சலோனில் சோதனை காத்திருந்தது. மெல்லிய வெண்ணிற மஸ்லின் ஆடையில் அரசியைக் காட்டிய படத்தைக் கண்டவர்கள், உள்ளாடையோடு அரசியைக் காட்டுவதா என்று கொதித்தனர். படம் அகற்றப்பட்டது; பட்டாடை அணிந்த அரசியின் படம் அதன் இடத்தைப் பெற்றது. அம்மையாரின் ஓவியங்களை ஆண் ஓவியர் ஒருவர் தீட்டிக் கொடுப்பதாகவும் வதந்தி எழுந்தது. அவரோ தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

1787ஆம் ஆண்டு அரசியையும் பிள்ளைகளையும் தீட்டினார். மக்கள் அரசியை வெறுத்த காலம் அது. எனவே கண்காட்சி திறந்தபோது சட்டம் மட்டுமே வெறுமையாகத் தொங்கியது. படம் பின்னரே வந்தது. அதில் வெறுமையான தொட்டில் ஒன்று காணப்படுகிறது. அவ்வாண்டு ஜூனில் இறந்த அரசியின் கைக்குழந்தையை அது நினைவூட்டுகிறது.

1789இல் புரட்சி வெடித்தது. அரசியின் ஆதரவே இப்போது ஆபத்தாயிற்று. அம்மையார் ஒன்பது வயது மகளுடன் நாட்டை விட்டு வெளியேறினார். உரோமை, வியன்னா, பீட்டர்ஸ்பர்க் எனச் சென்ற இடமெல்லாம் ஓவியம் தீட்டியே வாழ்ந்து, 1802இல் தாயகம் திரும்பினார். அறுநூறுக்கும் மேற்பட்ட உருவப்படங்களைத் தந்து, 1842இல் தம் 86ஆம் வயதில் மறைந்தார்.

அரச ஆதரவு ஒரு கதவைத் திறந்தது; அந்த ஆதரவும் ஒருநாள் அழிந்தது. இளமையிலேயே பயின்ற கைத்திறன் மட்டும் இறுதிவரை அவரைக் கைவிடவில்லை. மாணவியராகிய நாம் இதை மனத்தில் கொள்வோமாக.